சலானை முடித்துக் காட்டுபவருக்கே அடுத்த நாற்காலி

திங்கட்கிழமை காலை. மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. கம்பெனி காருக்கு ஓவர்ஸ்பீடு சலான். கீழே ஒரே சொல்: 'பாருங்க'. அட்மின் டெஸ்க்கில் ஒருவர் அதை அப்படியே டிரைவருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு மறந்துவிடுவார். இன்னொருவர் சொந்த போனிலிருந்தே பணத்தைக் கட்டிவிடுவார். மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் ரசீது கேட்கும்போது தேடிக்கொண்டிருப்பார். வேறொருவரிடமிருந்து மதியத்துக்குள் பதில் போகும்: 'வண்டி நம்முடையதுதான் சார், ஃபோட்டோ பார்த்துவிட்டேன். யார் ஓட்டினார் என்பது டிரிப் ஷீட்டில் இருக்கிறது. இன்றே கட்டி ரசீதை ஃபைலில் போட்டுவிடுகிறேன்.' அடுத்த முறை டீம் லீட் பதவிக்கு ஆள் தேடும்போது மேனேஜருக்கு இவர் பெயர்தான் ஞாபகம் வரும்.

டேலி தெரியும், எக்செல் தெரியும் என்று எல்லா ரெஸ்யூமேயும் சொல்கிறது. இழுத்துக்கொண்டு கிடக்கும் வேலையை யாரும் துரத்தாமலேயே முடித்துக் கொடுப்பவர் என்ற பெயர் அப்படி எளிதில் கிடைப்பதில்லை. ஸ்பீடு ஃபைனும் வழிதவறிய பேமென்ட்டும் அந்தப் பெயரை வாங்க நல்ல இடம். தொகை சின்னது. ஆனால் போலீஸ், பேங்க், டிரைவர், எச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் என எல்லோரிடமும் பேசி முடிக்க வேண்டிய வேலை. அதனாலேயே மற்றவர்கள் ஒதுங்குவார்கள். நீங்கள் உள்ளே புகுங்கள்.

1. தொகையைப் பார்ப்பதற்கு முன் ஃபோட்டோவைப் பாருங்கள்

சலான் வந்ததும் பெரும்பாலானோர் கண் போவது 'எவ்வளவு' என்ற இடத்துக்கு. உங்கள் கண் ஃபோட்டோவுக்குப் போகட்டும். கேமரா மூலம் போடும் சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. நம்பர் பிளேட் தெரியும் ஃபோட்டோ, கருவி பதிவு செய்த வேக அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவை மீறினீர்கள் என்ற விவரம், எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான சான்றிதழ் எல்லாம் சலானோடு இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். கேமரா இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்கும் பலகையும் வேண்டும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு செக்லிஸ்ட்டாக அடித்து மேசையில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு சலானையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முக்கியமாக, ஃபோட்டோவில் இருப்பது உங்கள் வண்டிதானா என்று பாருங்கள். கேமரா மென்பொருள் '8'ஐ 'பி' என்றும், '0'வை 'டி' என்றும் படித்துவிடும். சிவப்பு ஹேட்ச்பேக் ஓட்டும் ஆளுக்கு வெள்ளை லாரியின் சலான் வருவது இப்படித்தான். மாடல், நிறம், பம்பரில் இருக்கும் கீறல், பின்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பாருங்கள்.

2. அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது?

சந்தேகம் என்றால் ஆதாரம் திரட்டுங்கள். ஜி.பி.எஸ். லாக், ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட், டிரிப் ஷீட், சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டு, ஆபீஸ் கேட் ரெஜிஸ்டர். இவற்றில் இரண்டு ஒத்துப்போனாலே வலுவான கேஸ். திருச்சியில் வேகமாகப் போனதாகச் சலான் சொல்லும் அதே நேரத்தில் செங்கல்பட்டு டோலில் ஃபாஸ்டேக் பணம் கழிந்திருந்தால், அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

வண்டி உங்களுடையது இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், 'ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம்' என்று விடாதீர்கள். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வேறொருவர் உங்கள் நம்பரைப் போலியாக மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்றால் விஷயம் இன்னும் பெரிது. இன்றைக்கு ஸ்பீடு சலான். நாளைக்கு அதே நம்பரில் ஒரு விபத்து கேஸ் உங்கள் கம்பெனி வாசலுக்கு வரும். சலான் போட்ட டிராஃபிக் பிரிவுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். போலி நம்பர் பிளேட் என்று போலீஸில் புகார் கொடுத்து, அதன் எண்ணை வாங்கி வையுங்கள். சலான் ஏற்கெனவே விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அங்கே இரண்டு வழி உண்டு: அபராதத்தை ஆன்லைனில் கட்டலாம், அல்லது எதிர்த்து வழக்காடுகிறேன் என்று பதிவு செய்யலாம். எதிர்த்தால் வழக்கு உரிய எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கான நேரச் செலவை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி முடிவெடுங்கள்.

3. ஓட்டியவர் யார் என்று எழுத்தில் இருக்கட்டும்

சலான் வருவது ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்கு. கம்பெனி வண்டி என்றால் கம்பெனிக்கு, லீஸ் வண்டி என்றால் லீஸ் கொடுத்தவருக்குப் போகலாம். அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆவது பிரிவு அது. ஆகவே டிரிப் ஷீட்டில் டிரைவர் பெயர், சாவி வாங்கிய நேரம், திருப்பித் தந்த நேரம் மூன்றும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இது இல்லாத ஆபீஸில் ஒவ்வொரு சலானும் ஒரு சண்டையில் முடியும். நீங்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தால், சீனியர்கள் பல வருஷமாகச் செய்யாததைச் செய்தவர் ஆவீர்கள்.

4. டெட்லைன் கொடுப்பவரும் மாட்டிக்கொள்ளலாம்

பலருக்கும் தெரியாத இடம் இதுதான். வேக வரம்பை மீறுவதற்கான தண்டனை 183ஆவது பிரிவில் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிக்கும் பயணிகள் வண்டிக்கும் 2,000 முதல் 4,000 ரூபாய். மறுபடி சிக்கினால் லைசென்ஸைக் கைப்பற்றவும் அதே பிரிவில் இடம் உண்டு. தமிழ்நாடு தன் புதிய அபராதப் பட்டியலை 2022 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்தது. இதுவரை பலருக்குத் தெரியும்.

அதே பிரிவு, வேகமாக ஓட்டியவரை மட்டும் பிடிப்பதில்லை. தன்னிடம் வேலை பார்ப்பவரை வரம்பு மீறி ஓட்டவைத்தவரையும் பிடிக்கிறது. இன்னொரு படியும் போகிறது: இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று யாராவது டைம்டேபிள் போட்டு, அல்லது உத்தரவு கொடுத்து, வேக வரம்புக்குள் அது நடக்காத காரியம் என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அதைக் கொடுத்தவருக்கு எதிரான முதல்நிலை ஆதாரம்.

இதை டிஸ்பாட்ச் டெஸ்க்கில் இருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு 60 கி.மீ., டூவீலருக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களுக்குள் 30 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 60இல் 20 கி.மீ. போக, ஒரு சிக்னலில்கூட நிற்காமல் போனாலும் 20 நிமிடம் ஆகும். அந்தத் தூரத்துக்கு 'பதினஞ்சு நிமிஷத்துல கஸ்டமர் இடத்துல இரு' என்று நீங்கள் போடும் வாட்ஸ்அப் மெசேஜ், உங்கள் பெயரோடும் நேரத்தோடும் இருக்கும் ஓர் எழுத்து ஆதாரம். கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு தாராளமாக இடைவெளி சேர்த்து ஷெட்யூல் போடுங்கள். கஸ்டமரிடம் நேரம் கேட்டு வாங்குவது உங்கள் திறமை. டிரைவரின் காலை ஆக்சிலரேட்டரில் அழுத்தவைப்பது திறமை இல்லை.

டிரைவர்களுக்கும் டெலிவரி பார்ட்னர்களுக்கும் ஒரு வார்த்தை. நடக்காத டெட்லைன் வந்தால் போனில் வாக்குவாதம் வேண்டாம். 'ஸ்பீடு லிமிட்டில் போனால் இத்தனை மணிக்குத்தான் சேர முடியும் சார்' என்று மெசேஜ் போடுங்கள். பணிவாக, ஒரே வரியில். வந்த மெசேஜையும் அழிக்காதீர்கள். உங்கள் லைசென்ஸ்தான் உங்கள் சம்பளம். கம்பெனிக்கு வேறு டிரைவர் கிடைப்பார். முடங்கிய லைசென்ஸோடு உங்களுக்கு வேறு வேலை கிடைக்காது.

5. நியாயமான சலானை இழுத்தடிக்காதீர்கள்

வேகமாகப் போனது உண்மை என்றால் கட்டிவிடுங்கள். நிலுவையில் கிடக்கும் சலான், பெயர் மாற்றம், பர்மிட் போன்ற பரிவாஹன் (அரசின் போக்குவரத்துச் சேவைத் தளம்) வேலைகளில் குறுக்கே வந்து நிற்கும். லீஸ் வண்டியைத் திருப்பித் தரும் நாளிலோ பழைய காரை விற்கும் நாளிலோ இதைக் கண்டுபிடிப்பது மோசமான நேரம். வாரம் ஒருமுறை எல்லா வண்டி எண்களையும் இ-சலான் தளத்தில் போட்டுப் பாருங்கள். எஸ்.எம்.எஸ். வரும் என்று காத்திருக்காதீர்கள், ஆர்.சி.யில் இருக்கும் போன் நம்பர் வேலையை விட்டுப்போன யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அந்த நம்பரை மாற்றுவதையே உங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பட்டனைத் தட்டுவதற்கு முன்

போலிச் சலான் மெசேஜ் இப்போது பெரிய மோசடித் தொழில். வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்ற பெயரில் ஒரு ஏ.பி.கே. ஃபைல் வரும். திறந்து இன்ஸ்டால் செய்தால் போனில் வரும் ஓ.டி.பி.கள் வெளியே போகும். எந்தப் போக்குவரத்துத் துறையும் சலானை ஏ.பி.கே.யாக அனுப்பாது. லிங்க்கைத் தட்டாதீர்கள். பரிவாஹனின் இ-சலான் முகவரியை நீங்களே பிரவுசரில் அடியுங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். வண்டி எண்ணைக் கொண்டு தேடினால் இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்கும், ஆர்.சி. நகல் பக்கத்தில் இருக்கட்டும். அங்கே இல்லாத சலான் எஸ்.எம்.எஸ்.ஸில் மட்டும் இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

கம்பெனி பேமென்ட்டைச் சொந்த போனிலிருந்து செய்யாதீர்கள். அவசரம், சார் சொன்னார், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கும் கதைகள் எல்லாம் ரீஇம்பர்ஸ்மென்ட் ஃபாரத்தில்தான் சிக்குகின்றன. வேறு வழியே இல்லை என்றால், கட்டுவதற்கு முன் மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். 'ஓகே' என்ற ஒரு சொல் பதிலாக வந்தாலும் போதும்.

7. பணம் போய்விட்டது, சலான் அப்படியே இருக்கிறது

பதற்றத்தில் செய்யும் முதல் தவறு, மறுபடியும் கட்டுவது. செய்யாதீர்கள். தளத்தில் பேமென்ட் நிலையைப் பாருங்கள். யு.பி.ஐ. ஆப்பில் 12 இலக்க ரெஃபரன்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்கு என்பதோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'பெண்டிங்' என்று காட்டும் பேமென்ட்டை, தோற்றுப்போன பேமென்ட் என்று நினைத்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் அதுவே வெற்றியாக மாறலாம்.

உங்கள் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அமலில் இருக்கிறது. யு.பி.ஐ.யில் வணிகருக்குக் கட்டிய பணம் கணக்கில் கழிந்து, அந்தப் பக்கம் உறுதி போகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கும் அதே 5 நாள். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யு.பி.ஐ.யிலோ ஐ.எம்.பி.எஸ்.ஸிலோ அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள். கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வங்கியே அதை வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.

கெடு முடிந்ததும் பேங்க்குக்குப் போன் செய்து கெஞ்ச வேண்டாம். மெயில் போடுங்கள். சுருக்கமாக, இப்படி:

'கீழே உள்ள ரெஃபரன்ஸ் எண்ணில் எங்கள் கணக்கு டெபிட் ஆகியுள்ளது. சலான் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது. தொகை உரிய இடத்தில் வரவாகியிருந்தால் உறுதிக் கடிதம் தரவும். இல்லையெனில் திருப்பி வரவு வைக்கவும். ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி கெடு தாண்டிய நாள்களுக்கான இழப்பீட்டையும் சேர்க்கவும். புகார் எண்ணைப் பதிலில் குறிப்பிடவும்.'

கோபம் இல்லை, கதை இல்லை. எண், கெடு, கோரிக்கை. இப்படி எழுதப்பட்ட மெயிலை பேங்க்கில் இருப்பவர் மேலிடத்துக்கு அனுப்புவார், புலம்பலை அனுப்பமாட்டார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கான இலவச எண் 14448.

8. பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டால்

இது வேறு வகை, இன்னும் சிக்கல். இது தோற்றுப்போன பரிவர்த்தனை இல்லை. நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த பரிவர்த்தனை. நெஃப்ட்டில் வரவு வைப்பதற்கு அக்கவுண்ட் நம்பர்தான் அடிப்படை. பெயர் வேறாக இருந்தாலும் பணம் போய்விடும். அந்தப் பக்கத்துக்காரர் சம்மதித்தால்தான் சுலபமாகத் திரும்பும். ஆகவே வேகம் முக்கியம்: முதல் மணி நேரத்திலேயே உங்கள் பேங்க்குக்கு எழுத்தில் சொல்லுங்கள், அவர்கள் எதிர்ப்பக்க பேங்க்கைத் தொடர்புகொள்வார்கள். மோசடி என்று தெரிந்தால் பேங்க்கோடு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள்.

அதைவிட நல்லது, போகாமல் பார்த்துக்கொள்வது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் பணம் அனுப்புமுன் கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. யு.பி.ஐ.யில் பெயர் ஏற்கெனவே தெரிகிறது. அந்தப் பெயரைப் படிக்காமல் பின் நம்பர் அடிப்பவரிடம் எந்த சி.எஃப்.ஓ.வும் பேமென்ட் அப்ரூவல் உரிமையைக் கொடுக்கமாட்டார். பெரிய தொகை, புதிய வெண்டர் என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி உறுதி வாங்குங்கள்.

வேறொரு சலான் எண்ணுக்குக் கட்டிவிட்டீர்களா? இரண்டு முறை கட்டிவிட்டீர்களா? இங்கே பேங்க்கைக் குடைந்து பயனில்லை. பணம் அரசுக் கணக்குக்குச் சேர்ந்தாகிவிட்டது. ரசீதுகளோடு சலான் போட்ட பிரிவுக்கு எழுதுங்கள். நாள் ஆகும் என்று மேனேஜரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கெட்ட செய்தி உங்கள் வாயிலிருந்து முதலில் வருவதற்கும் ஆடிட்டர் வாயிலிருந்து வருவதற்கும் உங்கள் அப்ரைசலில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

9. அக்கவுண்ட்ஸில் எங்கே எழுதுவது?

ஃபைனை 'வெஹிகிள் ரன்னிங் எக்ஸ்பென்ஸ்' தலைப்பில் டீசலோடு கலக்காதீர்கள். சட்டத்தை மீறியதற்காகக் கட்டும் பணம் வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் கழியாது. தனி லெட்ஜர் போடுங்கள். வருஷக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது ஒரே கிளிக்கில் எடுத்துக் கொடுங்கள். திரும்பி வர வேண்டிய பேமென்ட்டையும் செலவாக எழுதிவிடாமல், வர வேண்டியதாகவே வையுங்கள். செலவாக எழுதிய பணத்தை யாரும் துரத்துவதில்லை.

டிரைவர் சம்பளத்தில் பிடிப்பதா? கம்பெனியின் வெஹிகிள் பாலிசி என்ன சொல்கிறது, அதில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டம். டெட்லைன் கொடுத்தது ஆபீஸ், ஃபைன் மட்டும் டிரைவருக்கு என்றால் அது அநியாயம். அதை எச்.ஆர்.இடம் சொல்லுங்கள். நல்ல டிரைவர்கள் இப்படிப்பட்ட கம்பெனியில் தங்கமாட்டார்கள் என்ற கோணத்தில் சொன்னால் எச்.ஆர். கேட்பார்.

10. ஒரு ஷீட், மாதம் ஒரு பக்கம்

எக்செலில் ஒரு டிராக்கர்: வண்டி, டிரைவர், இடம், நேரம், பதிவான வேகம், தொகை, கட்டிய தேதி, ரெஃபரன்ஸ் எண், ரசீது இருக்கிறதா, நிலை. மூன்று மாதம் ஓடினால் அது பேச ஆரம்பிக்கும். ஒரே சாலையில் ஒரே நேரத்தில் சலான்கள் குவிந்தால் சிக்கல் டிரைவரிடம் இல்லை, உங்கள் பிக்கப் டைமில் இருக்கிறது. ஒரே டிரைவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ட்ரெயினிங் தேவை. இதை ஒரு பக்கமாக்கி மாதாமாதம் மேனேஜருக்கு அனுப்புங்கள், அவர் கேட்காமலேயே. கீழே உங்கள் பெயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் அது மேலே போகும்போது வேறொருவர் பெயரில் போகும்.

ஃப்ளீட் அல்லது அட்மின் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள், 'ப்ராப்ளம் சால்விங் ஸ்கில்ஸ்' என்று ரெஸ்யூமேயில் எழுதுவதை விட்டுவிடுங்கள். எத்தனை வண்டிகளின் சலான்களைக் கையாண்டீர்கள், நிலுவையை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைத்தீர்கள், சிக்கிக்கிடந்த எவ்வளவு பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று எண்களில் எழுதுங்கள். இன்டர்வியூ எடுப்பவர் நிச்சயம் அந்த வரியில் நிற்பார். அவர் கேட்டால் டிராக்கரின் வெற்று ஃபார்மேட்டை லேப்டாப்பில் திறந்து காட்டுங்கள்; பழைய கம்பெனியின் வண்டி எண்ணோ டிரைவர் பெயரோ அதில் இருக்கக் கூடாது.